முதிர மறந்த அணுக்கள்

நுழையும்முன்

உடலின் செல்கள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே மரபுச்செய்திதான் பொதிந்துள்ளது. எனினும் கண்ணின் செல் ஒளியை உணர்கிறது. தசையின் செல் சுருங்கி விரிகிறது. இரத்தத்தின் செல் கிருமியை எதிர்க்கிறது. எந்த மரபணு எப்போது செயல்பட வேண்டும், எப்போது அடங்கியிருக்க வேண்டும் என்னும் ஒழுங்கே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். அவ்வொழுங்கு ஓரிடத்தில் பிழைத்தால் என்ன நேரும்? பிழையைக் கண்டறிந்தவர்கள் அதனை எவ்வாறு திருத்தினார்கள்? ஓர் இரத்தப் புற்றுநோயின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை கூறுகிறது.

மஜ்ஜை என்னும் விளைநிலம்

எலும்புகளின் உட்குழியில் பஞ்சுபோல் நிறைந்திருக்கும் மென்திசு எலும்பு மஜ்ஜை எனப்படும். பிறந்தபின் மனிதருக்கு இரத்த அணுக்கள் பெரும்பாலும் இங்குதான் உருவாகின்றன. உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்கள், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள், குருதிக்கசிவை அடைக்கும் தட்டணுக்கள் ஆகிய மூவகையும் இரத்தக் குருத்தணு என்னும் ஒரே மூலத்திலிருந்து தோன்றுகின்றன. வளர்ந்த மனிதர் ஒருவரின் மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்குகிறது. சிவப்பணுவின் வாழ்நாள் ஏறக்குறைய 120 நாள்கள். வெள்ளையணுக்களுள் பெரும்பான்மையான நியூட்ரோஃபில்களோ மிகக் குறைந்த காலமே வாழ்கின்றன. ஆகவே, இவ்விளைநிலத்திற்கு ஓய்வே இல்லை.

குருத்தணு ஒரே தாவலில் நியூட்ரோஃபிலாக மாறுவதில்லை. மைலோபிளாஸ்ட், புரோமைலோசைட், மைலோசைட் எனப் பல படிநிலைகளைக் கடந்தே அது முதிர்ச்சி பெறுகிறது. இளம் நிலைகளில் உள்ள செல்கள் பிளவுற்றுப் பெருகும் ஆற்றல் உடையவை. முதிர்ந்த செல்லோ தன் பணியைச் செய்யும், பெருகாது, உரிய காலத்தில் மடியும். முதிர்ச்சி அடைவது என்பது பெருகும் ஆற்றலைத் துறப்பதும் ஆகும். இவ்வுண்மையை மனத்தில் கொண்டால், பின்வரும் நோயின் தன்மை எளிதில் விளங்கும். இளம் நிலையிலேயே நின்றுவிடும் செல்கள் பணியும் செய்யா, பெருகுவதையும் நிறுத்தா.

எழுத்தும் வாசிப்பும்

மனித செல்லின் உட்கருவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றிலுள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டி இணைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் இருக்கும். புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 அதில் அடங்கியுள்ளன. இவை அனைத்தும் ஒரே நேரத்தில் செயல்படுவதில்லை. ஹீமோகுளோபின் புரதத்திற்கான மரபணு நரம்புச்செல்லிலும் உண்டு. ஆயினும் அங்கு அது வாசிக்கப்படுவதில்லை.

வாசிக்கப்படாமைக்குக் காரணம் டி.என்.ஏ. பொதியப்பட்டிருக்கும் முறையாகும். நூல் உருளையில் நூல் சுற்றப்படுவதுபோல ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மீது டி.என்.ஏ. சுற்றப்பட்டுள்ளது. சுற்று இறுகியிருக்கும் இடத்தில் உள்ள மரபணுவைப் படியெடுக்கும் நொதிகளால் நெருங்க இயலாது. ஹிஸ்டோன்களின்மீது அசிட்டைல் தொகுதிகள் சேரும்போது சுற்று தளர்கிறது, மரபணு திறக்கிறது. அத்தொகுதிகள் அகற்றப்படும்போது சுற்று மீண்டும் இறுகுகிறது, மரபணு மூடிக்கொள்கிறது.

எந்தச் சுற்றைத் தளர்த்துவது, எதனை இறுக்குவது என்பதை முடிவு செய்யச் சில புரதங்கள் உள்ளன. அவை டி.என்.ஏ.வில் தமக்கு உரிய இடத்தை அடையாளம் கண்டு அமர்கின்றன. அமர்ந்தபின் தளர்த்தும் நொதிகளையோ இறுக்கும் நொதிகளையோ அவ்விடத்திற்கு வரவழைக்கின்றன. இவை படியெடுத்தல் காரணிகள் எனப்படும். மரபணு ஒழுங்குபாட்டின் பெரும்பகுதி இவற்றின் பொறுப்பில் உள்ளது.

வைட்டமின் ஏ தரும் திறவுகோல்

கீரை, கேரட், பப்பாளி ஆகியவற்றை உண்பது கண்ணுக்கு நலம் என்பதைப் பலரும் அறிவர். அவ்வுணவிலிருந்து உடல் பெறும் வைட்டமின் ஏ பார்வைக்கு மட்டும் உதவுவதில்லை. அதிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலம் மரபணுக்களைத் திறக்கும் திறவுகோலாகவும் பயன்படுகிறது.

வெள்ளையணுக்களின் இளம் நிலைகளில் ரெட்டினாயிக் அமில ஏற்பி என்னும் படியெடுத்தல் காரணி ஒன்று உள்ளது. செல்லின் முதிர்ச்சிக்கு வேண்டிய மரபணுக்களின் அருகே அது அமர்ந்திருக்கும். ரெட்டினாயிக் அமிலம் வந்து சேராதபோது இறுக்கும் நொதிகளைத் தன்னுடன் பற்றி வைத்திருக்கும். மரபணுக்கள் மூடியே இருக்கும். அமிலம் வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறும். இறுக்கும் நொதிகள் விலகும், தளர்த்தும் நொதிகள் வந்து சேரும், மரபணுக்கள் திறக்கும், செல் முதிர்ச்சியை நோக்கி நகரும். இரத்தத்தில் இயல்பாக உள்ள மிகச் சிறிதளவு அமிலமே இதற்குப் போதுமானது.

இவ்வேற்பிக்கு உரிய மரபணு 17ஆம் குரோமோசோமில் அமைந்துள்ளது.

இடம் மாறிய துண்டுகள்

1957ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர் லெய்ஃப் ஹில்லெஸ்டாட், இரத்தப் புற்றுநோய்களுள் தனித்த ஒரு வகையை விவரித்தார். அவர் கண்ட நோயாளிகளின் மஜ்ஜையில் புரோமைலோசைட்டுகள் நிறைந்திருந்தன. கடுமையான குருதிப்போக்கு ஏற்பட்டுச் சில வாரங்களுக்குள் அவர்கள் இறந்தனர். இந்நோய் இன்று தீவிரப் புரோமைலோசைட் இரத்தப் புற்றுநோய் என வழங்கப்படுகிறது. தீவிர மைலாய்டு இரத்தப் புற்றுநோய்களுள் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு இவ்வகையைச் சார்ந்தவை.

இதன் வேரைத் தேட உதவியவர் அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த மருத்துவர் ஜேனட் ரௌலி. 1970களில் குரோமோசோம்களின்மீது பட்டை பட்டையாகச் சாயம் படியச்செய்யும் புதிய முறை வழக்கிற்கு வந்தது. நுண்ணோக்கியில் எடுத்த ஒளிப்படங்களிலிருந்து குரோமோசோம்களைக் கத்தரித்து, தம் வீட்டு உணவு மேசையின்மீது வரிசைப்படுத்தி ஒப்பிட்டு வந்தார் அவர். குரோமோசோம் மாற்றங்கள் புற்றுநோயின் விளைவே அன்றிக் காரணம் அல்ல எனப் பலரும் கருதிய காலம் அது. 1973இல் நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் 9ஆம் குரோமோசோமுக்கும் 22ஆம் குரோமோசோமுக்கும் இடையே துண்டுகள் இடம் மாறியிருப்பதை வெளிப்படுத்தினார். 1977இல் அவரும் அவருடைய குழுவினரும் தீவிரப் புரோமைலோசைட் இரத்தப் புற்றுநோயில் 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டனர். ஒரே நோய் கொண்ட பலரிடம் ஒரே இடமாற்றம் மீண்டும் மீண்டும் காணப்படுவது தற்செயலாக இருக்க இயலாது. நோயின் காரணம் அந்த முறிவிலேயே இருத்தல் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது.

பூட்டு விழும் விதம்

முறிந்த இடத்தில் எந்த மரபணுக்கள் உள்ளன என்பது 1990, 1991ஆம் ஆண்டுகளில் பிரான்சு, அமெரிக்கா, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் ஆய்வுக்குழுக்களால் கண்டறியப்பட்டது. 17ஆம் குரோமோசோமில் முறிந்தது ரெட்டினாயிக் அமில ஏற்பியின் மரபணு. 15ஆம் குரோமோசோமில் முறிந்தது பி.எம்.எல். எனப் பெயரிடப்பட்ட மரபணு. இதன் புரதம் இயல்பான நிலையில் உட்கருவில் சிறுசிறு புள்ளிகளாகத் திரண்டு, செல்லின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பணியில் பங்குபெறுகிறது.

துண்டுகள் இடம் மாறியபின் இவ்விரு மரபணுக்களும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மரபணுவாகின்றன. அதிலிருந்து பாதி அதுவும் பாதி இதுவுமான இணைவுப் புரதம் ஒன்று உருவாகிறது. ஏற்பியின் பகுதி அதில் இருப்பதால், முதிர்ச்சிக்கான மரபணுக்களின் அருகே சென்று அமரும் இயல்பு அதற்கு உண்டு. பி.எம்.எல். பகுதியும் இருப்பதால் இணைவுப் புரதங்கள் ஒன்றோடொன்று கூடி, இறுக்கும் நொதிகளை மிக வலுவாகப் பற்றிக்கொள்கின்றன. இயல்பான அளவில் ரெட்டினாயிக் அமிலம் வந்தாலும் அப்பிடி தளர்வதில்லை. திறவுகோல் இருக்கிறது, பூட்டு திறக்கவில்லை.

இதன் விளைவு இரு வகைப்படும். முதிர்ச்சிக்கான மரபணுக்கள் மூடியே கிடப்பதால் செல்கள் புரோமைலோசைட் நிலையைத் தாண்டுவதில்லை. பி.எம்.எல். புரதத்தின் புள்ளிகளும் சிதறிப்போவதால் பெருக்கத்தின்மீதான கட்டுப்பாடு குறைகிறது. முதிராத செல்கள் மஜ்ஜையை நிறைக்க, சிவப்பணுக்களுக்கும் தட்டணுக்களுக்கும் இயல்பான வெள்ளையணுக்களுக்கும் இடமின்றிப் போகிறது. மேலும், இச்செல்கள் வெளியிடும் பொருள்கள் இரத்தம் உறையும் முறையையும் உறைந்ததைக் கரைக்கும் முறையையும் ஒருசேரத் தூண்டி, உறைதலுக்கு வேண்டிய புரதங்களைத் தீர்த்துவிடுகின்றன. ஹில்லெஸ்டாட் கண்ட குருதிப்போக்கின் காரணம் இதுவே.

முதிர்ச்சிக்கான மரபணுக்கள் அழிந்துவிடவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. அவற்றின் எழுத்து முழுமையாக இருக்கிறது, வாசிப்புத்தான் தடைபட்டுள்ளது. அழிந்ததை மீட்பது அரிது. மூடியதைத் திறக்க இயலும்.

கொல்லாமல் முதிரச் செய்தல்

புற்றுச்செல்லை நஞ்சிட்டுக் கொல்வதே அக்காலத்து மருத்துவத்தின் முதன்மை வழியாக இருந்தது. அந்நஞ்சு நல்ல செல்களையும் தாக்கும். புற்றுச்செல்லைக் கொல்லாமல் முதிரச் செய்ய இயலுமா என்னும் வினாவை இஸ்ரேல் நாட்டு அறிவியலாளர் லியோ சாக்ஸ் உள்ளிட்ட சிலர் முன்பே எழுப்பியிருந்தனர். 1980இல் தியோடர் பிரெயிட்மன் என்பவரும் அவருடைய குழுவினரும், ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட இரத்தப் புற்றுச்செல்கள் ரெட்டினாயிக் அமிலத்தால் முதிர்ச்சி அடைவதைக் காட்டினர்.

சீனாவின் ஷாங்காய் நகரில் ருய்ஜின் மருத்துவமனையைச் சேர்ந்த வாங் செனியி இவ்வழியில் தம் ஆய்வைத் தொடர்ந்தார். ஆல் டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம் புரோமைலோசைட்டுகளை முதிரச் செய்வதை ஆய்வகத்தில் அவருடைய குழு கண்டது. 1985ஆம் ஆண்டு இந்நோயால் பாதிக்கப்பட்ட ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வழக்கமான மருந்துகளால் பயன்பெறாமல் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். பெற்றோரின் இசைவுடன் அச்சிறுமிக்கு இவ்வமிலம் வாய்வழியாக அளிக்கப்பட்டது. நோய் தணிந்து அவள் பிழைத்தாள். 1988இல் இக்குழு வெளியிட்ட கட்டுரை 24 நோயாளிகளைப் பற்றியது. அவர்கள் அனைவரும் நோய்தணிவு நிலையை எட்டினர்.

மருந்து நோயை எவ்வாறு தணித்தது என்பதற்குச் சான்றும் கிடைத்தது. சிகிச்சைக்குப்பின் தோன்றிய முதிர்ந்த வெள்ளையணுக்களை ஆராய்ந்தபோது, அவற்றிலும் 15, 17ஆம் குரோமோசோம்களின் இடமாற்றம் காணப்பட்டது. அவை புதிதாய்ப் பிறந்த நல்ல செல்கள் அல்ல. புற்றுச்செல்களே முதிர்ந்து நியூட்ரோஃபில்களாக மாறியிருந்தன. மருந்தாக அளிக்கப்படும் அமிலத்தின் அளவு இரத்தத்தில் இயல்பாக உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி. அவ்வளவில்தான் இணைவுப் புரதத்தின் பிடி தளர்கிறது.

வாங் செனியியின் குழு சிறுமிக்கு மருந்தளித்தபோது இணைவுப் புரதத்தைப் பற்றி எவரும் அறிந்திருக்கவில்லை. மருந்து முதலில் கிடைத்தது; அது செயல்படும் காரணம் சில ஆண்டுகளுக்குப்பின் விளங்கியது. 17ஆம் குரோமோசோம் 15ஆம் குரோமோசோமுடன் இணையாமல் 11ஆம் குரோமோசோமுடன் இணையும் அரிய வகையில் இம்மருந்து பெரும்பாலும் பயனளிப்பதில்லை. காரணம் விளங்கியபின்னரே எந்த நோயாளிக்கு எம்மருந்து ஏற்றது என்பதை மரபணுச் சோதனையால் உறுதிசெய்ய முடிந்தது.

நஞ்சே மருந்தாதல்

ரெட்டினாயிக் அமிலத்தைத் தனித்து அளித்தபோது பலருக்குச் சில மாதங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது. எனவே வேதிச்சிகிச்சையும் உடன் சேர்க்கப்பட்டது. அந்நிலையில் மற்றொரு மருந்து எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரில் ஜாங் டிங்டாங் என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும், நாட்டு மருத்துவக் கலவை ஒன்றை 1970களில் ஆராய்ந்தனர். அக்கலவையில் பயன்தந்த பொருள் ஆர்செனிக் டிரை ஆக்சைடு எனத் தெளிந்தனர். வெள்ளைப் பாடாணம் எனத் தமிழ் மருத்துவ மரபு குறிப்பிடும் கொடிய நஞ்சு அது.

இந்நஞ்சு இணைவுப் புரதத்தின் பி.எம்.எல். பகுதியுடன் நேரடியாகப் பிணைகிறது. பிணைந்ததும் அப்புரதம் அழிக்கத்தக்கது என அடையாளமிடப்பட்டு, செல்லின் கழிவகற்றும் அமைப்பால் சிதைக்கப்படுகிறது. ரெட்டினாயிக் அமிலம் ஏற்பிப் பகுதியைத் தாக்க, ஆர்செனிக் பி.எம்.எல். பகுதியைத் தாக்குகிறது. ஒரே பூட்டு இரு புறமும் உடைபடுகிறது.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டிற்கும் பங்குண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், புதிதாக இந்நோய் கண்டறியப்பட்ட 72 பேருக்கு 1998 முதல் 2004 வரை ஆர்செனிக் டிரை ஆக்சைடை முதன்மை மருந்தாக அளித்து, அதன் முடிவை 2006இல் வெளியிட்டனர். அவர்களுள் 86 விழுக்காட்டினர் முழுமையான நோய்தணிவை அடைந்தனர். பெருஞ்செலவு பிடிக்கும் சிகிச்சையைத் தாங்கவியலாத மக்கள் மிகுந்த நாடுகளுக்கு இம்முடிவு நம்பிக்கை அளித்தது.

2013இல் இத்தாலி நாட்டு மருத்துவர் ஃபிரான்செஸ்கோ லோ கோகோ தலைமையிலான குழு, இரு மருந்துகளையும் சேர்த்து அளித்த முறையை வேதிச்சிகிச்சை சேர்ந்த பழைய முறையுடன் ஒப்பிட்டது. நோய் முற்றாத நிலையினருக்கு நிகழ்த்தப்பட்ட அவ்வாய்வில், புதிய முறையைப் பெற்றவர்களுள் 97 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகள் நோய் மீளாமலும் பிற பின்னடைவு இன்றியும் வாழ்ந்தனர். சில வாரங்களில் உயிரைப் பறித்த நோய், பெரும்பாலானோர்க்கு முற்றிலும் குணமாகும் நோயாயிற்று.

விரைவே உயிர்காக்கும்

இத்துணை நல்ல மருந்துகள் இருந்தும் இந்நோயால் இன்றும் சிலர் இறக்கின்றனர். அவ்விறப்புகளில் பல, நோய் வெளிப்பட்ட முதற்சில நாள்களிலேயே குருதிப்போக்கால் நிகழ்கின்றன. ஆகவே, நோயின் ஐயம் எழுந்தவுடனே, மரபணுச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல், ரெட்டினாயிக் அமிலத்தைத் தொடங்குவதை மருத்துவர்கள் நெறியாகக் கொண்டுள்ளனர். ஈறுகளில் நிற்காத குருதிக்கசிவு, அடிபடாமலே தோலில் தோன்றும் கருநீலத் தழும்புகள், காரணமற்ற சோர்வு, விடாத காய்ச்சல் ஆகியவை வேறு நோய்களாலும் ஏற்படலாம். ஆயினும் அவற்றைப் புறக்கணித்தல் தகாது. எளிய இரத்த அணுக்கள் எண்ணிக்கைச் சோதனையே பெரும்பாலும் முதல் எச்சரிக்கையைத் தந்துவிடும்.

இரத்தப் புற்றுநோய்கள் அனைத்தும் இவ்வாறு எளிதில் வசப்படுவன அல்ல. பலவற்றில் ஒழுங்குபாட்டின் பிழை ஓரிடத்தில் மட்டும் இல்லை. பல மரபணுக்களில் பரவியுள்ளது. எனினும் இந்நோய் கற்பித்த பாடம் பொதுவானது. நோயுற்ற செல்லை அழிப்பது ஒரு வழி. அச்செல் எவ்விடத்தில் தடைபட்டு நிற்கிறது என அறிந்து, அத்தடையை நீக்குவது மற்றொரு வழி. பிந்தைய வழிக்கு நோயின் காரணத்தை நுணுகி அறியும் பொறுமை வேண்டும். உணவு மேசையில் ஒளிப்படங்களை வரிசைப்படுத்தியவரும், நஞ்சினுள் மருந்தைத் தேடியவரும், சிறுமியின் உயிருக்காகப் புதிய வழியை நாடியவரும் அப்பொறுமையைக் கைவிடாதவர்கள்.

தெரிந்து தெளிவோம்

- தீவிரப் புரோமைலோசைட் இரத்தப் புற்றுநோய் தொற்றுநோய் அன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வழிவழியாக வருவதும் அன்று. குரோமோசோம்களின் இடமாற்றம் நோயாளியின் மஜ்ஜைச் செல்லில் அவர் வாழ்நாளில் நேர்வது.
- வைட்டமின் ஏ மாத்திரைகளை மிகுதியாக உண்பதால் இந்நோய் குணமாகாது. அது உடலுக்குத் தீங்கு விளைவிக்கும். ரெட்டினாயிக் அமிலமும் ஆர்செனிக்கும் மருத்துவமனையில், இரத்த அளவுகளையும் இதயத் துடிப்பையும் கண்காணித்து அளிக்கப்படுவன.

கற்பவை கற்றபின்

1. 'எழுத்து முழுமையாக இருக்கிறது. வாசிப்புத்தான் தடைபட்டுள்ளது' என்னும் தொடரை மரபணு ஒழுங்குபாட்டுடன் தொடர்புபடுத்தி வகுப்பில் கலந்துரையாடுக.
2. இயல்பான ஏற்பியும் இணைவுப் புரதமும் செயல்படும் முறைகளை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
3. காரணம் விளங்குவதற்கு முன்பே பயன்பாட்டிற்கு வந்த பிற மருந்து ஒன்றைப் பற்றி நூலகத்தில் தகவல் திரட்டி, வகுப்பில் உரையாற்றுக.
4. இப்பாடத்தில் இடம்பெற்றுள்ள கலைச்சொற்களைத் தொகுத்து அகரவரிசைப்படுத்துக.